காற்றுக்காக உழைத்தவர்களை மாணவர்கள் அறியட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள் நான். விளையாட்டு வீரர்களின் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கும் என் மாணவர்களில் ஒருவருக்குக்கூட ஆரி ஹாகன்-ஸ்மிட் யாரென்று தெரியவில்லை. மனம் வருந்தியது.

நெதர்லாந்தில் பிறந்து, கலிபோர்னியாவில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் கண் எரிந்து தவித்தபோது அந்தப் புகைமூட்டத்தையே ஆராயத் தொடங்கினார். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து அந்தப் புகைமூட்டத்தின் முக்கியக் கூறான ஓசோன் வாயுவை உருவாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். வளைத்துக் கட்டிய ரப்பரில் விழும் வெடிப்பைக்கொண்டே ஓசோனை அளந்தார். எவ்வளவு எளிய சோதனை! எண்ணெய்த் துறை எதிர்த்தது. அவர் பின்வாங்கவில்லை. 1968இல், காற்று மாசைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான கலிபோர்னியக் காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரானார். இன்று அவர் பெயரிலேயே அந்த வாரியம் தூய காற்று விருது வழங்குகிறது.

பெட்ரோலில் கலந்த நச்சு உலோகமான ஈயத்தை எதிர்த்துப் போராடிய அமெரிக்க அறிவியலாளர் கிளேர் பேட்டர்சனும் இத்தகையவரே. வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பதை உலகின் கடைசி நாடு நிறுத்தியது 2021இல்தான்.

விருதுகள் நல்லவையே. ஆனால் இவர்கள் பாடநூலிலும் இடம்பெற வேண்டும். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் மாதம் ஒருவரைப் பற்றியாவது எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக்காட்டுவேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்