பெயர்க்கல் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன், அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். ஒரு தாய்க்கும் மகளுக்கும் ஊர் சேர்ந்து கட்டுகிற வீட்டின் கூரைக்கு முழுக் காசையும் நீங்கள் நண்பர்கள் சேர்ந்து தருவதாகச் சொன்னது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் வாசல் பக்கத்துச் சுவரில் கறுப்புக் கல்லில் உங்கள் பெயர்களை வெட்டிப் பதிக்க வேண்டும், வீடு கையளிக்கும்போது தாயும் மகளும் நன்றி சொல்கிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் கதைத்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், நீயும் வேலைக்குப் போகிற அவசரத்தில் சரி சரி என்று வைத்துவிடுவாய்.

அந்தத் தாயை உனக்குத் தெரியும், வாய்க்கால் கரையில் கச்சான் கடலை வறுத்து விற்பவள். 2009இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கோ புருஷனைத் தவறவிட்டாள். மகள் அப்போது கைக்குழந்தை. மெனிக்பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது எங்களைப் போல அவளுக்கும் ஒரு தறப்பாளும் கொஞ்சத் தகரமும்தான் கிடைத்தன. நாங்கள் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் எடுத்து, அது கட்டம் கட்டமாக வர வர, அத்திவாரம், சுவர், கூரை என்று ஏறினோம், நீயும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கல் சுமந்தாய். அவள் வீட்டில் இரண்டே பேர். ஆள் தொகைக்குப் புள்ளி பார்த்த பட்டியல்களில் அவள் பெயர் கீழேயே கிடந்தது. அப்புறம் 2019இல் வேறொரு திட்டத்தில் பெயர் வந்தது, அத்திவாரத்தைப் போடு, காசு பின்னால் வரும் என்றார்கள். தோட்டை அடகு வைத்து, குழுக்கடனும் எடுத்துப் போட்டாள். முதல் கொடுப்பனவோடு எல்லாம் நின்றது. 2022இல் சீமெந்து ஒரு பை மூவாயிரத்தைத் தாண்டியபோது அவள் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அத்திவாரத்துக்குள் நாயுருவி முளைத்து, பக்கத்துத் தகரக் கொட்டிலில் தாயும் மகளும் மாரிக்கு மாரி சாமான்களைக் கட்டிலுக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு இருந்தார்கள். அதற்கும் முந்தி 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் வெள்ளம் நின்றதே, அந்த இரவு அவர்கள் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் படுத்தார்கள்.

இந்த முறை பெரும்போக நெல் வெட்டு முடிந்த கையோடு மாதர் சங்கக் கூட்டத்தில் கதை எழுந்தது. இனி யாரையும் பார்த்துக்கொண்டிருக்காமல் நாங்களே கட்டுவோம் என்று எழும்பிச் சொன்னது உன் அப்பாவோ தலைவரோ இல்லை, மேசன் வேலைக்குப் போகிற பெடியன் ஒருவன். தன் ஞாயிற்றுக்கிழமைகளைத் தருகிறேன் என்றான். ஒருநாள் கூலியை விடுவது அவனுக்கு என்ன பாடு என்று எங்களுக்குத் தெரியும், அதனால் அதற்குப் பிறகு ஒருவராலும் சும்மா இருக்க முடியவில்லை. லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் வைத்திருப்பவர் மணல் பறித்துத் தர ஒத்துக்கொண்டார். மணலுக்கும் பெர்மிட், கூரைக்குப் பனை தறிக்கவும் அனுமதி, அதற்கெல்லாம் பிரதேச செயலகத்துக்கு அலைந்தது ஓய்வுபெற்ற வாத்தியார். கணக்குக் கொப்பியும் அவர் கையில்தான். 1977 இனக்கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் முதல் நாள் மண்வெட்டியோடு நின்றார்கள். அவர்களில் சிலருக்கே இன்னும் காணிக்கு ஒழுங்கான பத்திரம் இல்லை, பத்திரம் இல்லாததால் வீட்டுத்திட்டமும் இல்லை. அப்படியிருந்தும் வந்தார்கள்.

பழைய அத்திவாரத்தைக் கிளறி, தட்டிப் பார்த்து, ஒரு மூலை மட்டும் வெடித்திருக்கிறது, மற்றது நல்லாய் இருக்கிறது என்று மேசன் சொன்னான். அதைக் கேட்டதும் அவளுடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், தோடு வைத்துப் போட்ட அத்திவாரம் அல்லவா.

சுவருக்குச் சீமெந்துக் கல் வாங்கவில்லை, அங்கேயே அரிந்தோம். மணலும் சீமெந்தும் கலந்து, தண்ணீர் அளவாய் விட்டு, அச்சில் போட்டு இடித்து, பதமாகக் கழற்றி நிழலில் அடுக்குவது ஆண்கள். கல் காயாமல் காலையும் பின்னேரமும் தண்ணீர் தெளித்து, நனைத்த சாக்குப் போட்டு மூடுவது நாங்கள். வெயிலில் அவசரப்பட்டுக் காய்ந்த கல் கையோடு உதிரும். அந்தப் பெட்டை, மகள்தான், பள்ளிக்கூடத்தால் வந்து சீருடையை மாற்றியவுடன் வாளியைத் தூக்குவாள். ஒரு கிழமை போனதும் கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கப் பழகிவிட்டாள், கணீரென்று கேட்டால் ஒரு பக்கம், மந்தமாகக் கேட்டால் மறுபக்கம். மேசன் இப்போது அவளைக் கேட்காமல் கல் எடுப்பதில்லை. தாய்க்காரி சும்மா இருக்கச் சொன்னாலும் இருக்க மாட்டாள். கலவை சுமக்கிறாள், எங்களோடு சமைக்கிறாள், வேலைக்கு வந்தவர்களின் கச்சான் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கவும் போகிறாள். வெட்டு மெசின் வந்த பிறகு வயலில் ஊர் சேர்ந்து இறங்குகிற வேலையே இல்லாமல் போய்விட்டது. இது அந்த நாளில் கையால் நெல் வெட்டின அருவி வெட்டு மாதிரி இருக்கிறது தம்பி, பகிடியும் சண்டையும் சாப்பாடும்.

இப்போது சுவர் முகடு வரை வந்துவிட்டது. இதற்குப் பிறகுதான் நீங்கள் வருகிறீர்கள். தகரம் போட்டால் சித்திரையில் உள்ளே இருக்கேலாது, அதனால் ஓடுதான் என்று முடிவெடுத்தோம். முந்தி ஒட்டுசுட்டானிலேயே ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது, சண்டையோடு நின்றது. இப்போது தங்கொட்டுவைப் பக்கமிருந்து லொறியில் வர வேண்டும். ஊரில் சேர்ந்த காசு அதற்குக் கிட்டவும் வராது. ஆகவே உங்கள் காசு தேவை, மிகவும் தேவை. அதை மறைத்துப் பெருமை கதைக்க நான் வரவில்லை.

ஆனால் கல்லில் பெயர் வெட்டுவது மட்டும் வேண்டாம். சந்திக்குக் கிட்ட ஒரு வீடு அப்படித்தான் வெளிநாட்டுக் காசில் கட்டிக் கொடுத்தது, நல்ல மனதோடு கொடுத்ததுதான், குறை சொல்லவில்லை. வாசலில் நிலைக்குப் பக்கத்தில் பெரிய கல், கொடுத்தவரின் பெயர், ஊர், நாடு எல்லாம். அந்த வீட்டுப் பெடியன் ஒவ்வொரு வருடமும் கடைக் கலண்டரை அதற்கு மேல்தான் தொங்கவிடுகிறான். உள்ளே எவ்வளவோ சுவர் இருக்க, வெளியே, வெயிலிலும் மழையிலும். கலண்டர் கிழிந்து போனாலும் மட்டையைக் கழற்றுவதில்லை. சுபநிகழ்வுக்குப் போனபோது நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தன் வீட்டு வாசலில் ஒவ்வொரு நாளும் வேறொருவரின் பெயரை வாசித்துக்கொண்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது.

வீடியோவும் அப்படித்தான். நீங்கள் பேஸ்புக்கில் போட்டால் அங்கே நாலு பேர் பார்த்து இன்னும் நாலு வீடு கட்டுவார்கள் என்று நீ சொன்னாய், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மகள் அடுத்த சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை, வகுப்பில் எல்லார் கையிலும் போன். தாய் கும்பிட்டுக்கொண்டு நிற்பதை அவர்கள் பார்ப்பார்கள். தாயைக் கேட்டால் சம்மதிப்பாள், ஏன் சம்மதிக்கிறாள் என்று உனக்கும் தெரியும், இல்லை என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. அதனால் நான் அவளிடம் கேட்கவே இல்லை. வேலை நடக்கிற படம் வேண்டிய அளவு அனுப்புகிறேன், ஓடு ஏற்ற வரிசையாய் நிற்கும்போது எடுக்கிறேன், அதில் அவர்கள் இரண்டு பேரும் எங்களோடு ஒரு ஆளாய் வந்தால் வரட்டும். வாத்தியார் ஒவ்வொரு பில்லையும் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார், அதையும் பக்கம் பக்கமாய்ப் படம் எடுத்துத் தருவார்.

உன் நண்பர்களில் ஒருவர் தன் அப்பாவின் நினைவாகத்தான் தருகிறார் என்றாய். அதை நினைத்துத்தான் எனக்கு நித்திரை வரவில்லை. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் கல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. அவருடைய திவசம் எந்த நாள் என்று கேட்டுச் சொல். கிட்டவாக இருந்தால் அந்த நாளிலேயே ஓடு ஏற்றுவோம், அன்றைய சமையல் அவர் பெயரில். சாப்பிட உட்காருகிற ஆட்கள் யார் எவர் என்று கேட்பார்கள், எந்த ஊர், என்ன தொழில், எப்படிப்பட்ட மனிதர் என்றெல்லாம் கேட்பார்கள், நான் சொல்ல வேண்டும். ஆகவே அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதி அனுப்பச் சொல், அல்லது அந்தப் பிள்ளையை என்னோடு கதைக்கச் சொல். நானே கேட்டுக்கொள்கிறேன்.

கல் இல்லையென்றால் காசு தர அவர்களில் சிலருக்கு மனம் வராமல் போகலாம். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடு, நாங்கள் கோபிக்க மாட்டோம். மாரிக்கு முதல் தகரத்தையாவது போட்டு மூடிவிட்டு ஓட்டுக்கு அடுத்த வெட்டு வரை பொறுப்போம். ஞாயிறு இரவுக்குள் அறிவித்தால் நல்லது, திங்கள் காலை அப்பா மரக்காலைக்குப் போய் நிலைக்கும் கதவுக்கும் முற்பணம் கட்ட வேண்டும்.

அன்புடன்,
அம்மா