நண்பகல் நிழலும் குருசு வெள்ளியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருவி இல்லாமல் திசை அறிவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் நண்பகலில் நிழல் வடக்கே விழும் என்று போட்டிருப்பது எங்கள் கரைக்குப் பாதிதான் சரி. ராமேஸ்வரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயம், உச்சி வெயிலில் நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நிழல் தெற்கே விழும். அந்த மாதங்களில் இதை நம்பி எங்கள் தீவுக்கு வடக்கே இருக்கும் வடகடலில் (பாக் விரிகுடா) படகைத் திருப்புகிற பையன், கரை தெற்கே இருக்க வடக்கே போய்க்கொண்டிருப்பான். கொஞ்சம் கிழக்கே சாய்ந்தால் இலங்கை எல்லைக்கோடு. அப்புறம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

துருவ நட்சத்திரமும் அப்படித்தான். கையை நீட்டி விரல்களை மடக்கி அடிவானத்தின்மேல் பிடித்தால், இங்கே அது அந்த ஒரு பிடி உயரம்கூட வராது. லேசாகப் பனி இறங்கினாலும் மறைந்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன், மாசி அமாவாசைக்கு முந்தின ராத்திரி, நானும் அப்பாவும் வடகடலில் இருந்தோம். ஜிபிஎஸ்ஸில் தண்ணீர் ஏறி அணைந்துவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. கரைப்பக்கம் பனிமூட்டம், டிவி டவர் விளக்கும் தெரியவில்லை. எனக்குக் கை நடுங்கியது. அப்பா அண்ணாந்து பார்த்தார். "சப்தரிஷியில முன்னால போற ரெண்டையும் பாருடா. கிணத்துல கயிறு விட்ட மாதிரி நேரா கீழ இறங்குதுல்ல? அது இறங்குற இடம்தான் வடக்கு. அதை முதுகுக்கு வச்சு ஓட்டு" என்றார். துருவ நட்சத்திரம் கண்ணில் படவே இல்லை. கயிறு போதுமாக இருந்தது. பிறகு தெற்கே குருசு வெள்ளி நிமிர்ந்து நின்றது. வெள்ளி என்றால் எங்களுக்கு நட்சத்திரம்; குருசு வெள்ளி, சிலுவை வடிவில் நிற்கும் நட்சத்திரக் கூட்டம். அதன் காலுக்கு நேராக அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, பிடித்தேன். நீரோட்டம் மேற்கே தள்ளியதில் பாம்பன் பக்கமாகக் கரை கண்டோம்.

ஜிபிஎஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் போட்ட எல்லைக்கோட்டை எந்த வெள்ளியும் காட்டாது. அதற்குக் கருவிதான் வேண்டும். ஆனால் உப்புத் தண்ணீரில் கருவி எப்போது சாகும் என்று யாருக்குத் தெரியும்? இன்றைக்குக் கடலுக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு ஆறாம்மீன் (கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்) கூட அடையாளம் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுப் பிள்ளைகள் கரையில்தான் இருப்பார்கள். மே மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு மணலில் உட்கார்ந்தாலே வடக்கே சப்தரிஷி, தெற்கே குருசு இரண்டும் தெரியும். ஊர்ப் பெரியவர்கள் அப்போது சொல்லிக்கொடுக்கலாம். நீங்களும் தடைக்காலம் தொடங்கும்போது எங்கள் கரைக்கென்றே ஒரு வானப் படம் போடுங்கள். டெல்லிக்கு வரைந்த படம் வேண்டாம், அங்கே குருசு அடிவானத்தோடு ஒட்டிக்கிடக்கும். இங்கே அது இரண்டு பிடி உயரம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கண் நன்றாகத்தான் இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் படத்தை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர் ஒருவர்,
தங்கச்சிமடம்