நைலின் மேற்குக் கரைக்கு இன்னொரு காலை கேள்

அன்புள்ள ராஜி,

நீ அனுப்பிய எகிப்துப் பயணத் திட்டம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம். கலா வீட்டுக் கல்யாணக் கதையைத் தனியாக எழுதுகிறேன், அது ஒரு பக்கத்தில் அடங்காது. இப்போது என் கவலையெல்லாம், நீ மீதிப் பணத்தைக் கட்டுவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான்.

எட்டு நாள் திட்டம். கெய்ரோ, அங்கிருந்து லக்ஸருக்கு விமானம், கப்பலில் நான்கு இரவு, அஸ்வான், அபு சிம்பெல், கடைசி நாள் மறுபடியும் கெய்ரோவில் கடைத்தெரு. எல்லாம் சரி. அந்த நான்காம் நாளை மட்டும் திரும்பப் படி. காலையில் அரசர்களின் பள்ளத்தாக்கு, ஹாட்ஷெப்சுட் கோயில், மெம்னான் சிலைகள், அலபாஸ்டர் கல் பட்டறை, மதியம் கர்னாக் கோயில், மாலை லக்ஸர் கோயில். ஏறத்தாழ 500 ஆண்டுகள் எகிப்து தன் மன்னர்களைப் புதைத்த இடத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, பட்டறை என்ற பெயரில் ஒரு கடைக்கு முக்கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பார்த்ததும் எனக்கு மனசே ஆறவில்லை.

நீ கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் நைலின் மேற்குக் கரைக்கு இரண்டு காலைப் பொழுதுகள். அதற்கு நாள் எங்கிருந்து வரும் என்று கேட்பாய், சொல்கிறேன். லக்ஸரில் ஏறி அஸ்வானில் இறங்கும் கப்பல் பொதுவாக நான்கு இரவு, அஸ்வானிலிருந்து லக்ஸருக்கு வருவது மூன்று இரவு. திட்டத்தைத் தலைகீழாக்கச் சொல். கெய்ரோவிலிருந்து முதலில் அஸ்வானுக்குப் பறந்துவிடுங்கள். கப்பல் லக்ஸரில் முடியும், அங்கே ஓர் இரவு விடுதியில் தங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் கையில் நிற்கும். பயணத்தில் உள்ள கடை நிறுத்தங்களை, அதாவது பாப்பிரஸ் என்ற நாணல் தாள், வாசனைத் தைலம், அலபாஸ்டர் மூன்றையும், வேண்டாம் என்று எழுத்திலேயே கேட்டு வாங்கு. வாய்ப்பேச்சு அங்கே போனதும் காற்றில் போய்விடும்.

இனி பள்ளத்தாக்குக்கு வருகிறேன். பொதுச் சீட்டு ஒன்றுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். முதலாம் சேட்டி, துட்டன்காமுன், ஐந்தாம் ஆறாம் ராம்செஸின் பொதுக் கல்லறை, இவற்றுக்குத் தனித்தனியே சீட்டு வாங்க வேண்டும். சீட்டு வாங்கும் கட்டத்திலேயே இதை முடிவு செய்துவிடு, மேலே போன பிறகு யோசித்தால் திரும்பிக் கீழே வர வேண்டும். பெரும்பாலான இடங்களில் இப்போது பணம் வாங்குவதில்லை, வங்கி அட்டைதான். வெளிநாட்டில் செல்லும் அட்டை இரண்டு வைத்துக்கொள். எல்லாக் கல்லறைகளும் எப்போதும் திறந்திருக்காது. சுவர்கள் உலர்ந்து ஓய்வெடுக்கட்டும் என்று மாற்றி மாற்றி மூடுவார்கள். முதல் நாள் இரவே எது எது திறந்திருக்கிறது என்று வழிகாட்டியிடம் கேட்டுவை.

இன்னொன்று, வழிகாட்டி கல்லறைக்குள் நின்று விளக்கம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. வெளியே நின்று சொல்வார், உள்ளே நீங்களாகத்தான் பார்க்க வேண்டும். ஆகையால் என்ன பார்க்கிறோம் என்று தெரியாமல் உள்ளே போனால், வண்ணமாக இருக்கிறது என்று வெளியே வந்துவிடுவீர்கள். அந்தச் சுவர்களில் இருப்பது பெரும்பாலும் ஒரே பயணம்: மாலையில் மறைந்த சூரியக் கடவுள் இரவின் 12 மணி நேரங்களைப் படகில் கடப்பது. ஆட்டுத் தலையோடு படகில் நிற்பவர் அவர்தான். குறுக்கே வரும் பெரும் பாம்பு அபோஃபிஸ். விடியலில் வண்டாக மறுபிறப்பு. இறந்த மன்னனும் அந்தப் படகிலேயே போய் மறுபடி எழுவான் என்பது நம்பிக்கை. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு தாழ்வாரமும் புரிய ஆரம்பிக்கும்.

எந்தக் கல்லறைகளைப் பார்ப்பது? மூன்றாம் துத்மோஸ், முதலாம் சேட்டி, நான்காம் ராம்செஸ், இந்த வரிசையில் பார். முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையில் சுமார் 275 ஆண்டுகள். துத்மோஸின் கல்லறை நேராகப் போகாமல் மடங்கித் திரும்பும். சவ அறை முட்டை வடிவம், சுவர்களில் கோட்டுருவங்கள் மட்டும், விரித்து வைத்த பாப்பிரஸ் சுருளையே சுவரில் ஒட்டியதுபோல. சேட்டியிடம் வரும்போது பாதை மடங்குவதில்லை, கொஞ்சம் விலகி மறுபடி நேராகப் போகும். நான்காம் ராம்செஸிடம் வாசலிலிருந்து சவ அறை வரை ஒரே நேர்கோடு, சூரியன் உள்ளே இறங்கிப் போகும் பாதை போல. கட்டடமே அவர்கள் சமய நம்பிக்கையின் மாற்றத்தைச் சொல்லும். நான்காம் ராம்செஸ் கல்லறையின் வரைபடம் ஒரு பாப்பிரஸில் அளவுகளோடு கிடைத்து, இப்போது இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உன் வீட்டுக்காரர் முட்டியை நினைத்துச் சொல்கிறேன், துத்மோஸுக்கு அவர் வேண்டாம். பாறை இடுக்கில் செங்குத்தான இரும்புப் படிகளில் ஏறி, பிறகு உள்ளே அதே அளவு இறங்க வேண்டும், காற்றும் குறைவு. அவர் அந்த நேரத்தில் மூன்றாம் ராம்செஸைப் பார்க்கட்டும், சாய்வு மென்மையானது. அங்கே பாதியில் பாதை சட்டென்று வலப்பக்கம் நகர்வதைக் கவனிக்கச் சொல். தோண்டிக்கொண்டே போனவர்கள் பக்கத்துக் கல்லறைக்குள் போய் முட்டிவிட்டார்கள், அதனால் திசையை நகர்த்தித் தொடர்ந்தார்கள்.

சேட்டிக்குத் தனிச் சீட்டு விலை அதிகம்தான். புளி வாங்குவது போல அதில் பேரம் பார்க்காதே ராஜி, வேறு எதையாவது விட்டுவிடு. சுமார் 137 மீட்டர் நீளம், வாசலிலிருந்து கடைசி வரை புடைப்புச் சிற்பம், அதன்மேல் வண்ணம். சவ அறையின் வளைந்த கூரை முழுக்க விண்மீன் கூட்டங்கள். ஓர் அறை முடிக்கப்படாமலே நிற்கிறது: முதலில் சிவப்பில் கோடு, அதன்மேல் தலைமை ஓவியன் கறுப்பில் போட்ட திருத்தம், அவ்வளவுதான், சிற்பி உளியை எடுக்கும் முன்னே வேலை நின்றுவிட்டது. அந்த அறையில் கொஞ்ச நேரம் நில். மற்ற சுவர்கள் எப்படி உருவாயின என்பது அங்கேதான் தெரியும்.

அந்தக் கல்லறை பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 1817இல் பெல்சோனி என்ற இத்தாலியர் கண்டுபிடித்தார். சுவர்களில் ஈரத் தாளை ஒற்றி அச்சு எடுத்ததில் வண்ணம் பெயர்ந்து வந்தது. 1829இல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியனும் இத்தாலிய அறிஞர் ரோசெலினியும் ஆளுக்கொரு புடைப்புச் சிற்பத்தை அறுத்து எடுத்துப் போனார்கள், ஒன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், ஒன்று ஃபுளோரன்ஸில். மன்னனின் அலபாஸ்டர் சவப்பேழை லண்டனில் சோன் அருங்காட்சியகத்தில். நீ பார்க்கப் போவது இத்தனைக்குப் பிறகு மிஞ்சியது, அதுவே மூச்சை நிறுத்தும்.

மூச்சு என்றதும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்தச் சுவர்களைக் கெடுப்பது நம் மூச்சும் வியர்வையும்தான். அரசியரின் பள்ளத்தாக்கில் அரசி நெஃபர்தாரியின் கல்லறையை எடுத்துக்கொள். பாறை வெடிப்பானது என்பதால் கனமாகச் சாந்து பூசி அதில் வரைந்தார்கள். பாறைக்குள் இருக்கும் உப்பு ஈரத்தில் கரைந்து, உலரும்போது சாந்துக்குப் பின்னால் படிகமாகத் திரண்டு, ஓவியத்தையே சுவரிலிருந்து தள்ளிவிடும். 1986 முதல் 1992 வரை அமெரிக்காவின் கெட்டி (Getty) நிறுவனமும் எகிப்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து அதைக் காப்பாற்றின. அதன் பிறகும் திறப்பதும் மூடுவதுமாகத்தான் இருக்கிறது. திறந்த காலத்திலும் பார்வை நேரம் பத்தே நிமிடம் என்று வைத்தார்கள். உன் குழுவில் யாராவது சுவரில் சாய்ந்தால், தோள்பை உரசினால், தயங்காமல் சொல். பையை முன்பக்கம் மாட்டிக்கொள். செல்பேசியில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடவே கூடாது. காவலாள் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டு, கயிற்றைத் தூக்கிவிட்டுக் கிட்டே போய்ப் பார் என்பார், பக்ஷீஷ், அதாவது இனாம், எதிர்பார்ப்பார். அவர் சம்பளம் குறைவு, வெளியே வரும்போது சிறிய நோட்டு ஒன்று கொடு. ஆனால் கயிற்றைத் தாண்டாதே.

துட்டன்காமுன் உன் இஷ்டம். அறை சிறியது, சவ அறையில் மட்டுமே ஓவியம், அவன் உடல் அங்கேயே இருக்கிறது. 1922 நவம்பரில் தொல்லியலாளர் கார்ட்டர் கண்டெடுத்த 5,000க்கு மேற்பட்ட பொருட்களும் இப்போது கீசாவில் 2025இல் திறந்த பெரிய அருங்காட்சியகத்தில். ஆறாம் ராம்செஸின் கல்லறைக்காகப் போட்ட வேலையாட்களின் குடிசைகள் வாசலை மூடிவிட்டதால்தான் அது பிழைத்தது. காசு ஒன்றுக்குத்தான் என்றால் சேட்டிக்கே கொடு.

இரண்டாவது காலையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அது மெதினத் ஹாபுவுக்கும் தைர் எல் மெதினாவுக்கும். குழுப் பயணங்கள் முதலில் வெட்டுவது இந்த இரண்டையும்தான். மெதினத் ஹாபு மூன்றாம் ராம்செஸின் கோயில். கூரையின் அடிப்பக்கத்தில் நீலமும் சிவப்பும் இன்னும் இருக்கிறது, எழுத்துகள் கை நுழையும் ஆழத்துக்கு வெட்டியவை. கடலிலிருந்து வந்த படைகளோடு நடந்த போர் வெளிச்சுவரில் உண்டு. கொல்லப்பட்ட எதிரிகளின் கைகளை வெட்டிக் குவித்து எழுத்தர் எண்ணும் காட்சியும் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிடங்களில் தைர் எல் மெதினா, பள்ளத்தாக்கின் கல்லறைகளைத் தோண்டி வரைந்தவர்களின் கிராமம். வீடுகளின் அடிச்சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. வலப்பக்கக் குழு, இடப்பக்கக் குழு என்று இரண்டாகப் பிரிந்து வேலை செய்தார்கள், விளக்குத் திரிகளை எண்ணிக் கொடுத்த கணக்குகூடக் கிடைத்திருக்கிறது. அதே மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் கூலித் தானியம் வரவில்லை. இவர்கள் கருவியைக் கீழே போட்டுவிட்டு மன்னர்களின் கோயில்கள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அது. அந்த ஊரில் சென்னெஜெம் என்ற கைவினைஞனின் கல்லறை, 1886இல் திருடர் கைபடாமல் கிடைத்தது. ஒரு சின்ன அறை, மஞ்சள் பின்னணியில் அவனும் மனைவியும் மறுமையின் வயலில் உழுது அறுக்கிறார்கள். படி செங்குத்து, குனிந்துதான் போக வேண்டும்.

இங்கே பலரும் தவறுவது சீட்டில்தான். மெதினத் ஹாபு, தைர் எல் மெதினா, பிரபுக்களின் கல்லறைகள் ஆகியவற்றுக்கு மெம்னான் சிலைகளைத் தாண்டியதும் உள்ள பொதுச் சீட்டு அலுவலகத்தில் முன்பே வாங்க வேண்டும். வாங்காமல் நேரே போனால் திருப்பி அனுப்புவார்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அபு சிம்பெல் அஸ்வானிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர், விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் மதியம் திரும்பலாம். கப்பல் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று உறுதி செய்துகொள். வழியில் எட்ஃபு கோயிலுக்கு எல்லாக் கப்பல்களும் ஒரே நேரத்தில் ஆட்களை இறக்கும், முதல் ஆளாக இறங்கு. எஸ்னாவில் மதகைத் தாண்டக் கப்பல்கள் வரிசையில் நிற்கும், எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் லக்ஸர் வந்து சேரும் மாலைக்கு எதையும் வைக்காதே. கர்னாக்கைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்று. உச்சி வெயிலில் சுவர் வெறுமையாகத் தெரியும், சாய்ந்த வெயிலில்தான் செதுக்கியது எழுந்து வரும். அங்கே பெரிய மண்டபத்தில் தூண் எண்ணாமல் உன்னால் இருக்க முடியாது, 134 என்று நானே சொல்லிவிடுகிறேன். எண்ணுகிற நேரத்தில் வடபாதியையும் தென்பாதியையும் ஒப்பிட்டுப் பார். வடக்கே சேட்டியின் மெல்லிய புடைப்பு, தெற்கே அவன் மகன் இரண்டாம் ராம்செஸின் குழிவான வெட்டு.

அந்த மகனைக் கடைசி நாளில் நேரிலேயே பார்க்கலாம். கடைத்தெருவுக்குப் பதில் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போ. 2021இல் பதம் செய்த 22 அரச உடல்களை அங்கே கொண்டுவந்தார்கள். இரண்டாம் ராம்செஸின் மூக்குத் துளைகளில் மிளகு வைத்திருந்தார்கள் ராஜி! கி.மு. 1213இல் இறந்தவன். மிளகு அப்போது விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம்தான்.

தை கடைசி என்பதால் விடியலில் குளிரும், சால்வை எடுத்துக்கொள். கல்லறைக்குள் புழுங்கும், அதனால் உள்ளே பருத்தி. சாப்பாட்டுக்குப் பயமில்லை, சைவத்துக்குக் கோஷரி இருக்கிறது: அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் வறுத்த வெங்காயமும். காலையில் ஃபூல், அகன்ற அவரை வேகவைத்தது. குடை பொறுப்பை மட்டும் இந்தத் தடவையும் கலாவிடம் விட்டுவிடாதே.

பயண நிறுவனத்துக்கு இன்றே எழுது. கப்பல் அறை பதிவாகிவிட்டால் திசையை மாற்ற மாட்டார்கள். மாற்றிய திட்டம் வந்ததும் எனக்கு அனுப்பு, நாள்வாரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
விஜயா