அலுமினியத்துக்கும் அரிமானம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

சொந்தமாக விமானம் கட்டுவோரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் அலுமினியம் துருப்பிடிக்காது, ஆகவே கவலையில்லை என்று அதில் சொல்லியிருப்பது, முதன்முதலாகத் தகட்டைக் கையில் எடுப்பவரை ஏமாற்றிவிடும். செந்துரு வராது என்பது சரிதான்; ஆனால் வெண்பொடியாகப் பூக்கும் அரிமானம், பெயிண்டுக்கு அடியில் இழை இழையாகப் படர்ந்தோ, உலோகத்தின் நுண்படிக மணிகளின் இடைவழியே உள்ளிறங்கியோ, கண்ணில் படுவதற்கு முன்பே தகட்டின் வலுவைத் தின்றுவிடக்கூடும்.

விமானத்தின் மேற்தகட்டுக்குப் பெரிதும் பயன்படும் 2024-டி3 என்னும் அலுமினியக் கலவையில் சுமார் 4.4 விழுக்காடு செம்பு உள்ளது. வலுவைக் கூட்டும் அந்தச் செம்பே அரிமானத்துக்கும் இடம்கொடுக்கிறது. இதற்காகத்தான் ஆல்கிளாட் எனப்படும் மெல்லிய தகடுகளில், ஒவ்வொரு பக்கமும் மொத்தத் தடிமனில் ஏறத்தாழ 5 விழுக்காட்டு அளவுக்குத் தூய அலுமினியத்தைப் போர்த்துகிறார்கள். 0.8 மில்லிமீட்டர் தகட்டில் அப்போர்வை 0.04 மில்லிமீட்டர்தான். பெயிண்ட் நன்றாகப் பிடிக்கட்டும் என்று முரட்டு உப்புத்தாளால் தேய்ப்பவர் அதையே உரித்துவிடுகிறார். வெட்டிய ஓரங்களுக்கும் துளைகளுக்கும் அந்தப் போர்வையும் கிடையாது.

பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரில் எது சிறந்தது என்று வாதிடுவோர், அது எதன்மேல் ஒட்டப்போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கரைப்பானால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, நைலான் தேய்ப்பானால் மெல்லத் தேய்த்து (இரும்புக் கம்பளி கூடவே கூடாது, அதன் துகள்கள் பதிந்து அரிமானத்தைத் தூண்டும்), கழுவிய தகட்டின்மேல் தண்ணீரை வழியவிட்டுப் பார்க்க வேண்டும். நீர் முத்து முத்தாகத் திரண்டால் பிசுக்கு போகவில்லை; அறுபடாத படலமாக வழிந்தால்தான் அடுத்த வேலைக்குப் போகலாம். உலர்ந்தபின் விரலால் தொடாமல், அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுவது நல்லது. குரோமேட் கலந்த பிரைமர் நன்றாகக் காக்கும். ஆனால் அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்பதால், தக்க சுவாசக் கவசமின்றி அதைத் தெளிக்கலாகாது.

உட்புறம் முழுவதும் பிரைமர் அடித்து எடையைக் கூட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரிவெட் ஆணி அடித்தபின் மறுபடி திறக்கவே முடியாத, தகட்டின்மேல் தகடு படியும் மேற்பொருத்துகளையும், எஃகு தொடும் இடங்களையுமாவது விட்டுவிடக் கூடாது. 1988 ஏப்ரல் 28 அன்று அலோஹா விமான நிறுவனத்தின் போயிங் 737 பறக்கையிலேயே கூரையை இழந்ததற்கு, அத்தகைய பொருத்தில் ஒட்டு விட்டுப்போனதும், அரிமானமும், உலோகச் சோர்வும் சேர்ந்து காரணமாயின. ஏறத்தாழ 90,000 முறை பறந்த பயணிகள் விமானத்தோடு சிறு விமானத்தை ஒப்பிட முடியாதுதான். எனினும் பொருத்துக்குள் புகுந்த ஈரம் இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்யும்.

தகட்டில் பென்சிலால் கோடு போடுவதுபோல் கட்டுரையோடு வெளியான படமும் பொருத்தமற்றது. கிராஃபைட் படிந்த கோட்டிலேயே அரிமானம் தொடங்கலாம் என்பதால் மார்க்கர் பேனாவையே பயன்படுத்த வேண்டும். துருப்பிடிக்காது என்ற கூற்றுக்கும் இந்தப் படத்துக்கும் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விமானம் கட்டிவரும் வாசகர் ஒருவர்