சிக்கனம் எங்களுக்குத் தெரியும், லோன் கார்டைச் சொல்லிக் கொடுங்கள்

கடலூர் பக்கம் மகளிர் குழுக்களுக்கு நிதிக் கல்வி வகுப்பு எடுக்கும் சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் முதுநகரில் கருவாடு வியாபாரம் செய்கிறேன். போன மாதம் உங்கள் வகுப்புக்கு வந்து கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, பேனருக்கு முன்னால் போட்டோவுக்கு நின்றவர்களில் நானும் ஒருத்தி. குறை சொல்லத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்று மட்டும் உருப்படி: போனில் நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண்ணை (PIN) போடவே வேண்டாம், போடச் சொன்னால் அவன் திருடன் என்று ஒரு மேடம் சொன்னாரே, அது.

மீதி நேரமெல்லாம் சேமிப்பு, சிக்கனம். விடியற்காலை ஏலத்தில் கூடை எடுத்து, உப்புக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு, காயும்போது மழை வந்தால் எவ்வளவு போகும் என்று மனக்கணக்கிலேயே போடுகிறவளிடம் வந்து ‘வீண் செலவைக் குறையுங்கள்’ என்றால் என்ன பதில் சொல்வது? செலவு எங்களுக்குத் தெரியும். தெரியாதது லோன் கார்டில், அதாவது கடனும் வட்டியும் தவணையும் எழுதிக் கொடுக்கிற அட்டையில் இருக்கிறது.

என் கதையையே சொல்கிறேன். குழுவில் எடுத்த 50,000 ரூபாய் லோன். ‘ஒரு பைசா வட்டிதான் அக்கா’ என்றார் கொடுக்க வந்த தம்பி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். மாதம் 4,667 வீதம் 12 மாதம், வட்டி 6,000. சரி, ஒரு பைசாதானே என்று நானும் தலையாட்டினேன். ஆனால் மாதாமாதம் அசலும் சேர்த்துத்தானே கட்டுகிறேன்? ஆறு மாதத்தில் பாதி அசல் திரும்பிப் போய்விட்டது, வட்டி மட்டும் முழு 50,000க்கும் ஓடுகிறது. பி.காம் படிக்கும் மகள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள், ஒன்றே முக்கால் பைசாவைத் தாண்டியது. அது போக சர்வீஸ் சார்ஜ், இன்சூரன்ஸ் என்று 1,500 பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 48,500. அதையும் சேர்த்தால் ரெண்டே கால் பைசாவுக்கும் மேல். கந்துவட்டிக்கு இது தேவலை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் 30,000 போதும் என்றிருப்பேன்.

இந்த மாதிரிச் சிறு கடனுக்கு 2022-ல் ரிசர்வ் வங்கி விதியே போட்டிருக்கிறதாம். எல்லாக் கட்டணமும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்று நமக்குப் புரிகிற மொழியில் ஒரு தாளில் தர வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. வீட்டில் இருக்கிற எல்லாக் கடனுக்குமான தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் போட்டு நச்சரிக்கக் கூடாது. இதெல்லாம் மகள் படித்துச் சொல்லித்தான் தெரியும். உங்கள் இரண்டு மணி நேர வகுப்பில் ஒரு வரி வரவில்லை. புகார் சொல்ல 14448 என்று ஒரு எண் இருப்பதும் அப்படித்தான் தெரிந்தது.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் வரத்து சுருங்கிவிடும், இருக்கிற மீனும் பச்சையாகவே நல்ல விலைக்குப் போவதால் எங்கள் உப்புத் தொட்டிக்கு வந்து சேராது. டியூ தேதி மட்டும் வந்துவிடும். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அந்தப் பேச்சுக்குப் பயந்து அடுத்த லோன், அதை அடைக்க இன்னொன்று. எந்த மாதத்தில் கடன் எடுத்தால் எந்தத் தவணை தடைக்காலத்தில் விழும், அதற்குத் தை, மாசியிலேயே எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று போர்டில் போட்டுக் காட்டுங்கள். சொந்தக்காரருக்காகத் தன் பேரில் லோன் எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் கட்டாததால் சிபிலில் (யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்ற பதிவில்) மாட்டிக்கொண்ட இரண்டு பேர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களையே பேசச் சொன்னாலும் போதும்.

அடுத்த வகுப்பை மார்ச்சில் வையுங்கள். காலை பத்தரைக்கு மண்டபத்தில் வேண்டாம், அது மீனைத் திருப்பிப் போடும் நேரம். மதியம் மூன்று மணிக்குக் காயப்போடும் இடத்துக்கே வாருங்கள், நாற்றத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். லோன் கார்டுகளை நாங்கள் எடுத்து வருகிறோம். புதன்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குத்தான் டியூ கட்டும் மீட்டிங்.