டிராக்க விட்டு வெளிய போன வண்டிய அடியில பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல சொந்த கார ரேஸ் டிராக்ல ஓட்டுறதப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. பிரேக் எங்க பிடிக்கணும், வளைவ எப்படி எடுக்கணும்னு நல்லாவே எழுதியிருந்தாங்க. ஆனா வண்டி டிராக்க விட்டு வெளிய போயிட்டா, எதுலயும் இடிக்கலன்னா பயமில்ல, திரும்ப ஓட்டலாம்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. அந்த வரிய படிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு வலது வளைவுல பின்பக்கம் வழுக்கி, வண்டி இடது பக்கமா புல்லு மேல சறுக்கிப் போய் ஜல்லிக்குள்ள புதைஞ்சு நின்னுச்சு. எதுலயும் இடிக்கல. இறங்கி ஒரு சுத்து பார்த்தேன், பம்பர்ல புல்லு ஒட்டியிருந்துச்சு, அவ்வளவுதான். ரிம்ல மாட்டியிருந்த கல்ல தட்டிவிட்டுட்டு அடுத்த ரவுண்டும் போயிட்டேன், இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது.

வீட்டுக்கு வர்றப்ப ஸ்டியரிங் கொஞ்சம் கோணலா நின்னாதான் வண்டி நேரா போச்சு, 90 தாண்டினா கையில அதிர்வு வேற. பேலன்சிங் ரெண்டு தடவ பண்ணியாச்சு, அதிர்வு குறையல. அலைன்மென்ட், அதாவது சக்கரங்களோட கோணத்த சரி பண்ற வேலை, பண்ணாங்க, ஸ்டியரிங் நேராயிடுச்சு, டோ (மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கிறது) அளவெல்லாம் ஸ்கிரீன்ல பச்சையா, சரியா இருக்குன்னு காட்டுச்சு, சரி முடிஞ்சுதுன்னு நானும் நம்பிட்டேன். மூணு வாரம் கழிச்சு முன் சக்கரத்துகிட்ட இருந்து ஊஊன்னு ஒரு சத்தம் ஆரம்பிச்சுது.

அப்புறம் ஒரு பெரியவர்கிட்ட காட்டினேன். அவர் மெஷின் பக்கமே போகல. வண்டிய தூக்கி, ரெண்டு பக்கமும் டை ராட்ல, அதாவது ஸ்டியரிங்க சக்கரத்தோட இணைக்கிற கம்பியில, வெளிய தெரியிற மரைய எண்ணிப் பாருங்க தம்பின்னாரு. வலது பக்கம் 15, இடது பக்கம் 9. நல்ல வண்டியில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கணுமாம். சக்கரத்த கீழ பிடிச்சிருக்கிற இடது லோயர் ஆர்ம் வளைஞ்சு சக்கரம் பின்னாடி தள்ளியிருந்திருக்கு, அத கவனிக்காம டை ராட திருகித் திருகி டோ அளவ பச்சைக்குக் கொண்டு வந்திருக்காங்க. கழட்டின ஆர்ம புது ஆர்ம் மேல வச்சுக் காட்டினாரு, நடுவுல என் சுண்டு விரல் நுழையிற அளவுக்கு இடைவெளி. அதே வண்டியிலதான் மூணு வாரமா வீட்டாள்களையும் ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்கேன்.

அதனால அலைன்மென்ட் பண்ணப் போனா, திருகுறதுக்கு முன்னாடி எடுத்த அளவ முழுசா பிரின்ட் போட்டுக் கேளுங்க. டோவ மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது, கேம்பர் (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ஞ்சிருக்கிறது), காஸ்டர் (சக்கரம் திரும்புற ஸ்டியரிங் அச்சு முன்ன பின்ன சாய்ஞ்சிருக்கிறது) ரெண்டையும் இடது வலதுன்னு ஒப்பிட்டுப் பாக்கணும். ஸ்டியரிங் அச்சோட பக்கவாட்டு சாய்வையும் மெஷின் காட்டும், அதையும் கேம்பரையும் கூட்டினா வர்ற கோணம் ரெண்டு பக்கமும் வேற வேறயா இருந்தா நக்கிளோ (சக்கரம் மாட்டியிருக்கிற பாகம்) ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பரோட சேர்ந்த தூண்) வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். கூட்டின கோணம் ஒண்ணாவே இருந்து கேம்பர் மட்டும் மாறியிருந்தா சப்ஃப்ரேம் (ஆர்ம் எல்லாம் மாட்டியிருக்கிற அடிச்சட்டம்) நகர்ந்திருக்கான்னு பாக்கணும். பேலன்சிங்குக்கு அடங்காத அதிர்வுக்கு ரிம்மோட உள்பக்க விளிம்புதான் முதல் சந்தேகம். வெளிய நின்னு பார்த்தா அது தெரியவே தெரியாது. சக்கரத்த தூக்கி, விளிம்புகிட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவர அசையாம பிடிச்சுக்கிட்டு மெதுவா சுத்தினா இடைவெளி கூடிக் குறையிறது கண்ணுக்கே தெரியும், என்னோடது அப்படித்தான் மாட்டுச்சு. அந்த ஊஊ சத்தம் வீல் பேரிங். பக்கவாட்டுல வாங்கின அடியில உள்ள குண்டுங்க ஓடுற பாதையில பள்ளம் விழுந்துடும், அன்னைக்கே கத்தாது, ஓட ஓடத்தான் கத்த ஆரம்பிக்கும். ஓடுறப்ப ஸ்டியரிங்க லேசா வலது பக்கம் திருப்பினா எடை இடது சக்கரத்துக்குப் போகும், அப்ப சத்தம் கூடினா கோளாறு இடது பேரிங்லதான்.

பக்கவாட்டுல சறுக்கினா டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல ஜல்லி புகுந்து காத்து மெதுவா இறங்கும். ரேடியேட்டர் முன்னாடி புல்லு அடைச்சா சூடு ஏறும், காஞ்ச புல்லு சைலன்சர் மேல ஒட்டினா தீயே பிடிக்கும். வண்டி வழுக்கிச் சுத்துறப்ப கிளட்ச மிதிக்காம விட்டு பின்னாடி உருண்டா இன்ஜினும் எதிர்ப்பக்கம் சுத்தும், வால்வுகள நேரத்துக்குத் திறக்க வைக்கிற டைமிங் பெல்ட்டோ செயினோ பல் தாண்ட வாய்ப்பிருக்கு, அப்படி ஆகியிருந்தா இன்ஜினையும் பாக்காம ஸ்டார்ட் பண்ணக்கூடாது.

வெளிய போன வண்டி நேரா பிட்டுக்கு (டிராக் ஓரமா வண்டிய நிறுத்திப் பாக்குற இடம்) வரணும்னு பல டிராக்ல ரூல் இருக்கு. ஆனா நான் பார்த்த வரைக்கும் அங்க வண்டிய சுத்தி ஒரு நடை நடந்துட்டு அனுப்பிடுறாங்க. ஜாக்கி போட்டு அடிக் கவரக் கழட்டி ஆர்ம், பால் ஜாயின்ட் பூட் (மூட்டோட ரப்பர் உறை), பிரேக் ஹோஸ், ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் திரும்ப விடணும். கட்டுரை எழுதினவர் அடுத்த வாரம் ரெண்டாம் பகுதி வரும்னு சொல்லியிருக்காரு, தயவுசெஞ்சு அதுல அந்த ஒரு வரியத் திருத்தி இதையும் சேக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்