டிஃபென்ஸ்ல கோச்சுக்கும் பங்கு இருக்கு சார்

ஆசிரியர் சார் வணக்கம், காசு குடுத்து நல்ல பிளேயர வாங்குனா ஃபுட்பால் டீமோட டிஃபென்ஸ் தானா சரியாயிடும்னு நம்ம விளையாட்டுப் பக்கத்துல வந்தத என்னால ஏத்துக்கவே முடியல. 2021ல இங்கிலாந்து கிளப் செல்சீய பாருங்க. ஜனவரி கடைசில கோச் லம்பார்ட தூக்கிட்டு டூகல கொண்டு வந்தாங்க, புதுசா ஒருத்தரயும் வாங்கல, அதே ஆளுங்கதான். பின்னாடி மூணு பேர நிறுத்தி, பந்து எதிரணிகிட்ட போனதும் ரெண்டு ஓரத்துல ஆடுற சில்வெல்லும் ரீஸ் ஜேம்ஸும் கீழ எறங்கி அஞ்சு பேராயிடுவாங்க, அவங்களுக்கு முன்னாடி கான்டேவும் ஜார்ஜீன்யோவும் நடுவுல வழியே விடல. ஐரோப்பிய கிளப்புங்க மோதுற சாம்பியன்ஸ் லீக் நாக்அவுட்ல ஏழு மேட்ச்ல ரெண்டே கோல்தான் வாங்குனாங்க! ஃபைனல்ல டிஃபெண்டர் தியாகோ சில்வா 39வது நிமிஷமே காயத்துல வெளிய போனாரு, கிறிஸ்டென்சன் உள்ள வந்தாரு, அப்பவும் எதிர்ல ஆடுன மான்செஸ்டர் சிட்டியால ஒரு கோல் போட முடியல.

தெறம வேணாம்னு சொல்லல, அதே மேட்ச்ல சிட்டி பிளேயர் ஃபோடன் ஷாட்ட செல்சீ டிஃபெண்டர் ரூடிகர் பாய்ஞ்சு தடுத்தத எந்த கோச்சும் போர்டுல வரஞ்சு காட்ட முடியாது. ஆனா அந்த ரூடிகர் அந்த சீசன்ல லம்பார்ட் இருந்தப்போ பெரும்பாலும் பெஞ்சுலதான சார் உக்காந்திருந்தாரு? தயவு செஞ்சு கோச்சுங்க வேலய பத்தியும் கொஞ்சம் விரிவா எழுதுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்